பெட்ரோஸின் கடைசி ஒத்திகை

மாலதி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் அப்போதே பதில் சொல்லவில்லை. "அம்மா, நீயே சொல்லிடு. நான் சைன் பண்ணட்டுமா, வேண்டாமா? யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலையே வெடிக்குது" என்றாய். எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். நீ அழும்போது எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுகிற பலவீனம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியாது. ஐந்து வயதிலேயே தெரிந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாய். அழுகைக்குப் பயந்து சொல்லும் 'சரி' பதிலாகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கணவர் பெட்ரோஸ் இறந்த அன்று மத்தியானம், டெக்ஸஸில் அந்த அரங்கில் அவர் ஒத்திகை பார்த்ததை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதை அவருடைய கடைசித் தட்டு என்று வெளியிட விரும்புகிறார்கள். மனைவி கையெழுத்துப் போடாமல் முடியாது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். இதுதானே விஷயம்? இதற்குப் போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் சொல்லலாம். ஆனால் உனக்குத் தெரிந்தவற்றையே நான் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கே என் பதில் தெளிவாகும். பொறுமையாகப் படி.

நீ முதன்முதலில் அவரைப் பற்றிச் சொன்னபோது உன் அப்பா இருந்தார். நியூஜெர்சியில் உன் ஆபீஸுக்குப் பக்கத்து டைனரில், அவருடைய மாமா நடத்திய சாப்பாட்டுக் கடையில், காலையில் தட்டு எடுத்துக் கொடுக்கிறவர், மத்தியானம் ரயிலேறி நியூயார்க் போய் ஓர் இத்தாலியக் கிழவியிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறவர் என்றாய். "வேலை என்ன பண்றார்?" என்று அப்பா கேட்டார். "டெனர், அப்பா" என்றாய். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கான்வென்ட்டில் எட்டு வருஷம் சேர்ந்திசைக் குழுவில் ஆல்டோ பாடியவள் நான். பெண்களில் தாழ்ந்த குரல் ஆல்டோ, அதற்கும் கீழே ஆண்களின் டெனர். கோயம்புத்தூரிலிருந்து உன் பெரியம்மா போன் செய்து, "ஏம்மா, டெனர்னா அது என்ன ஜாதி? நம்மளுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டபோது, "எனக்கு ஒரு படி கீழே, அக்கா" என்றேன். அக்கா பல நாள் என்னோடு பேசவில்லை. காலையில் அவர்களுடைய கிரேக்கத் தேவாலயத்தில் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டும் மாலையில் நம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டும் நீ கல்யாணம் செய்துகொண்டாய். வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் மாப்பிள்ளை கல்யாணம் முழுக்க ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தார்.

அவர் வளர்ந்தது கிரேக்க நாட்டில் வோலோஸ் என்ற துறைமுக ஊரில். அப்பா கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவர். அந்தப் பட்டறைச் சத்தத்தை மீறிப் பாடித்தான் தன் குரல் வளர்ந்தது என்று சொல்வார். ஆனால் இங்கே பாட்டு நாடகம் நடக்கிற பெரிய ஆபரா அரங்குகளில் தேர்வுக்குப் போன இடத்திலெல்லாம் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: குரல் அழகு, ஆனால் வாத்தியக்குழுவைத் தாண்டி வராது. கடைசி வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடும் வேலைதான் கிடைத்தது. நீங்கள் கல்யாணம் ஆகி வாடகை வீட்டில் இருந்த அந்த வருஷங்களில், நீ மாத்திரைக் கம்பெனிக்கு வேலைக்குப் போவாய். அவர் மீசை ஒட்டிக்கொண்டு பிச்சைக்காரர் கூட்டத்திலும் படைவீரர் கூட்டத்திலும் நிற்பார். "இன்னிக்கு என்ன வேஷம்?" என்று நான் போனில் கேட்பேன். "இன்னிக்குப் பணக்காரன், அம்மா. ஆனா பாட்டு இல்லை" என்பார். அந்தத் தமிழ் நீ சொல்லிக்கொடுத்தது.

பிறகுதான் தேவாலயத் திருவிழா. கார் நிறுத்துமிடத்தில் இறைச்சி சுடும் புகைக்கு நடுவே யாரோ ஒரு மைக்கைக் கையில் கொடுக்க, அவர் தன் ஊர் மீனவர் பாட்டு ஒன்றையும் உடனே ஓர் இத்தாலிய ஆபராப் பாட்டையும் அடுத்தடுத்துப் பாடினார். அந்த இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும் என்று அதுவரை அங்கே யாரும் நினைத்ததில்லை. கல்யாணங்கள், கப்பல் சுற்றுலாக்கள், பிறகு கம்பெனி, தட்டு, டெலிவிஷன், ஊர் ஊராக அரங்குகள். அந்த இத்தாலியக் கிழவி, "மைக் பிடிக்கிறவன் என் மாணவன் இல்லை" என்று கதவைச் சாத்தினாள். பத்திரிகைகளில் அவரை இனிப்புக்கடை என்று எழுதினார்கள். அவருக்கு வலித்தது. வெளியே சொல்லவில்லை. என்னிடம் ஒருமுறை, "மைக் என் குரலைப் பெரிசாக்குது, அம்மா. அதைவிட அதிகமா என் தப்பைப் பெரிசாக்குது. அது அவங்களுக்குத் தெரியல" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை என் பேச்சில் எழுதியிருக்கிறேன்.

நான் அவரை மதிக்க ஆரம்பித்தது அந்தப் பேச்சுக்குப் பிறகு. அவரும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எனக்குப் பதிவை அனுப்பி, போன் செய்து, "எங்கே தப்பு?" என்று கேட்கத் தொடங்கினார். மற்றவர்கள் எல்லோரும் பிரமாதம் என்பார்கள். நான், மூன்றாவது பாட்டில் ஒரு சொல்லை இரண்டாக உடைத்து நடுவில் மூச்சு வாங்கினீர்கள் என்பேன். "கேட்டுடுச்சா?" என்பார், திருடன் அகப்பட்டுக்கொண்ட மாதிரி. உன் அண்ணன் செந்தில் கிண்டல் செய்வான்: "அம்மா, அந்த மனுஷன் டிவில வர்றார். நீ என்னடான்னா ஹோம்வொர்க் திருத்துற." பெற்ற மகன் நீ ஒருநாளாவது என்னிடம் எங்கே தப்பு என்று கேட்டாயா என்றேன்.

அப்பா போன பிறகு நான் சான் ரமோனில் உன் அண்ணனிடம் வந்து சேர்ந்த அடுத்த வருஷம் மாப்பிள்ளை சான் ஹோசேயில் பாட வந்தார். என்னை ஒத்திகைக்கே அழைத்துப் போகச் சொல்லி நான்தான் செந்திலை நச்சரித்தேன். காலி அரங்கில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவர் வாயைத் திறந்தார். வந்தது ஏதோ காய்ச்சல்காரர் முனகல். மேலே போகவேண்டிய இடத்தில் கீழே பாடினார். சில வரிகளில் வெறும் உதடு மட்டும் அசைந்தது. இடைவேளையில் பிளாஸ்க்கில் கொண்டுபோயிருந்த மிளகுப் பாலோடு உள்ளே ஓடினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, பேசாமல், ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: பால் கூடாது, சளி கட்டும், மன்னியுங்கள். பேசக்கூட முடியாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். வெளியே வந்து உனக்கு போன் போட்டேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். பிறகு எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போட்டேன். நீ திரும்பக் கூப்பிட்டு, "ஐயோ அம்மா! அவர் மார்க் பண்றார்! ஒத்திகையில அப்படித்தான் பாதிக் குரல்ல பாடுவாங்க. ராத்திரிக்குக் குரலைச் சேத்து வைக்கிறாங்க" என்றபோது காலம் கடந்துவிட்டது. மாலையில் மில்பிடாஸிலிருந்தும் ஃப்ரீமாண்டிலிருந்தும் நம் சனம் சுக்கு, சித்தரத்தை, பனங்கற்கண்டு, இன்னும் என்னென்னவோ பொட்டலங்களோடு அரங்க வாசலில் வந்து நின்றது. டிக்கெட் கிழிக்கிற பெண் மிரண்டுவிட்டாள். "ஆன்ட்டி, மாப்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர் பாடினார். அந்த இரவு அவர் பாடியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுத வராது. பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் அழுதார்கள்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் நான் விடவில்லை. "அப்போ மத்தியானம் நீங்க பாடினது என்ன?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். "அது பாட்டு இல்லை, அம்மா. எங்கே நிக்கணும், எங்கே வயலின் வரும்னு பாத்துக்கறது. வீட்டுல நான் பனியனோட நிக்கிற மாதிரி. வீட்டு ஆளுங்க பாக்கலாம். நீங்க பாத்துட்டீங்க, பரவாயில்லை. வெளியே சொல்லாதீங்க." அதற்குள் பே ஏரியா வட்டாரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்று செந்தில் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான கலக்கத்தைப் பார்த்தேன்.

அந்தப் பாதிக் குரலும் மௌனமும்தான் உன் வாழ்க்கை என்பது எடிசனில் உங்கள் வீட்டில் வந்து தங்கியபோது எனக்குப் புரிந்தது. கச்சேரிக்கு முந்தின நாள் விடிந்தால், ஒத்திகை மேடையைத் தவிர வேறெங்கும் பேச்சு நின்றுவிடும். ஃபிரிட்ஜ் மேல் ஒரு வெள்ளைப் பலகை. உப்பு வேண்டும் என்றாலும் அதில் எழுதுவார். நீ ஒருநாள் எதற்கோ ஆத்திரப்பட்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நீ என்னிடம் திரும்பி, "பாரும்மா! சண்டை போட ஆள் இல்லாம நான் மட்டும் கத்திட்டு இருக்கேன். பைத்தியம் மாதிரி இருக்கு" என்றாய். அவர் மெல்ல எழுந்துபோய்ப் பலகையில் எழுதினார்: ஞாயிறு காலை, சண்டை. நீ சிரித்துவிட்டாய். ஞாயிறு காலை வந்தது. இரண்டு பேரும் தோசை தின்றீர்களே தவிர யாரும் சண்டை போடவில்லை. நான் அன்று சிரிக்கத்தான் செய்தேன். பிறகு யோசித்தேன். ஊருக்கெல்லாம் அவருடைய குரல் போனது. என் மகளுக்கு மிஞ்சியது பலகை. நீ ஒருபோதும் இதைப் புகாராகச் சொன்னதில்லை. ஆனால் உன் அம்மா பார்த்தாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் அந்த ஒலிநாடா உனக்கு ஏன் அவ்வளவு வேண்டியதாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். டெக்ஸஸ் ஹோட்டலுக்கு நீ கடைசியாகப் போன் செய்தபோது அவர் பேசாத நாள். வழக்கம்போல ரிசீவரை விரலால் தட்டினார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாய், தூங்கினாயா என்று கேட்டாய், தட்டினார். மறுநாள் ஒத்திகை முடிந்து அறைக்குப் போய்ப் படுத்தவர் கச்சேரிக்கு எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நானும் செந்திலும் விமானம் பிடித்து அங்கே வந்து சேர்ந்தபோது அரங்க வாசலில் அவர் பெயர் போட்ட பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன் தோளைத் தொட்டேன். நீ திரும்பவில்லை.

நாற்பதாம் நாளுக்கு அவர்கள் வழக்கப்படி கோதுமையை அவித்து, சர்க்கரையும் பாதாமும் மாதுளையும் கலந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோனோம். கோதுமை குழையக்கூடாது என்று அந்தக் கிரேக்கப் பெண்கள் சொன்னார்கள், குழையாமல் அவித்தேன். அங்கேதான் அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே அழுதார். போகும்போதுதான் காரருகில் நின்று உன்னிடம் ஒத்திகைப் பதிவைப் பற்றிச் சொன்னார். "ஆறுதலா இருக்கும்" என்றார். செந்திலும் அதைத்தான் சொல்கிறான்: "மாலதி, சைன் பண்ணிடு. இல்லாட்டி ரெண்டு வருஷத்துல மறந்துடுவாங்க. இது அவருக்கு ஒரு ட்ரிப்யூட்." அவன் சொல்வது தப்பில்லை. மறக்கத்தான் மறப்பார்கள். அதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நீ அனுப்பிய பிரதியைச் செந்தில் ஆபீஸுக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டேன். முதலில் என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் துணி மடித்தேன். மறுபடி கேட்டேன். சான் ஹோசேயில் கேட்ட அதே முனகல். இந்தத் தடவை பயமில்லை. இருமுகிறார், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்கிறார், பியானோக்காரரிடம் மெதுவாக என்கிறார். வீட்டில் குளியலறையிலிருந்து கேட்குமே, அந்த மாதிரி இருக்கிறது. கடைசிப் பாட்டில் குரல் உச்சிக்குப் போகவேண்டிய இடம் வருகிறது. வயலின்கள் எல்லாம் ஏறுகின்றன. அவர் பாடவில்லை. ஆங்கிலத்தில், "அது ராத்திரிக்கு" என்கிறார். அவ்வளவுதான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கம்பெனிக்காரர் அந்த இடத்தைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னார் என்று நீ போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாய். அந்தச் சொல்லையும் சிரிப்பையும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிடுவார்கள். சான் ஹோசே கச்சேரிப் பதிவிலிருந்து அந்த உச்சியை எடுத்து இங்கே ஒட்டுவார்கள். முனகலாக இருக்கும் இடங்களையும் பழைய பதிவுகளிலிருந்து நிரப்புவார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் சொன்னது உண்மைதான், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த உச்சி எந்த மூச்சிலிருந்து வந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

என் பதில் இது. வேண்டாம், மாலதி. கையெழுத்துப் போடாதே.

ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் எங்கே தப்பு என்று என்னைக் கேட்ட மனிதர் அவர். தான் பாடாத உச்சியைப் பாடியதாகச் சொல்லி விற்றால் அதைத்தான் அவர் முதல் தப்பு என்பார். பனியனோடு நின்றவரைப் பிடித்து, அவருடைய பழைய கோட்டை வெட்டித் தைத்து மேலே மாட்டித் தெருவில் நிறுத்துகிற வேலை இது. அன்பினால் செய்கிறார்கள் என்றாலும் அதுதான் வேலை. அந்த ராத்திரி அவருக்கு வரவில்லை. வந்ததாக நாம் செய்துகாட்ட வேண்டாம். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வெளியிடுகிறோம் என்று நாளை அவர்கள் சொன்னாலும் வேண்டாம். அவர் வெட்கப்பட்ட முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இதை எளிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அப்பாவின் குரல் எனக்கு மறந்துவிட்டது. எப்போது மறந்தது என்று தெரியவில்லை. முகம் வருகிறது, கண்ணாடியைத் துடைப்பது வருகிறது, என்னைப் பார்த்து வாய் அசைவதுகூடத் தெரிகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் காதருகில் கேட்ட குரல். அவர் யார், பாடகரா, அவர் பேசியதைப் பதிவு செய்து வைக்க? ஒரு கேஸட்டில் அவர் இருமியது இருந்தால்கூடப் போதும் என்று நான் இந்த வீட்டில் எத்தனையோ மத்தியானங்கள் நினைத்திருக்கிறேன். ஆகவே அந்த நாடாவின் அருமை எனக்குத் தெரியாது என்று உன் அண்ணன் சொன்னால் நம்பாதே. தெரிந்துதான் சொல்கிறேன். உனக்கு அவர் மிச்சம் வைத்த குரல் அது ஒன்றுதான். ஊருக்குக் கொடுத்தது நிறைய இருக்கிறது, கடையில் கிடைக்கிறது. இதைக் கொடுக்காதே.

அந்தக் கம்பெனிக்காரரிடம் மரியாதையாகச் சொல். காரணம் விளக்க வேண்டியதில்லை. கணவர் விரும்பியிருக்கமாட்டார் என்றால் போதும். மூலப் பதிவை உனக்கு அனுப்பிவைக்கச் சொல். தயக்கமாக இருந்தால் சொல், நான் பேசுகிறேன். கான்வென்ட் ஆங்கிலத்தில் 'முடியாது' என்று சொல்வதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அடுத்த வாரம் நான் எடிசனுக்கு வருகிறேன். செந்தில் டிக்கெட் போட்டுவிட்டான். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வந்த பிறகும் அந்த நாடாவை நீ தனியாகவே கேள். நான் சமையலறையில் இருப்பேன், கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 'அது ராத்திரிக்கு' என்ற அந்தச் சொல் வரும் இடத்தில் உன் கை பட்டென்று நிறுத்தப் போகும். என் கையும் அப்படித்தான் போயிற்று. நிறுத்தாதே. அதற்குப் பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று எழுதினேன் அல்லவா, அவரும் சிரிக்கிறார். பாதிக் குரலில் இல்லை. முழுசாகச் சிரிக்கிறார். அது அடங்கும்வரை ஓடட்டும்.

உன் அம்மா